காற்றுக்குப் பதிலாக மணல்

யோசிக்காமல் ஒரு காரியத்தைச் செய்து கெட்டுப்போனவனை ஊர் மன்னித்துவிடும். பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லும். நன்றாக யோசித்து, திட்டம் போட்டு, ஒத்திகையும் பார்த்துவிட்டுக் கெட்டுப்போனவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் இரண்டாவது ரகம்.

அப்போது கோலார் தங்க வயலுக்கு மின்சார விளக்கு வந்த புதிது. ஊரிகத்தில் ஒரு சுரங்கத்தில் நான் டைம்கீப்பர். ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, யார் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினார்கள், யார் மேலே வந்தார்கள் என்று குறிப்பது என் வேலை. பக்கத்திலேயே சோதனைக் கொட்டகை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை வேட்டியை உதறச் சொல்லி, தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லி, வாயைக்கூடத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மடியில் ஒரு சிட்டிகை தாதுமண் இருந்தாலும் நேரே லாக்கப்தான். (இதைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் சபையில் தேவசகாயம் என்று ஒரு பெரியவர். ஸ்டோரில் குமாஸ்தா. கிறிஸ்துமஸுக்கு அவருடைய தங்கை மகள் கிருபாமணி மதராஸிலிருந்து வந்திருந்தாள். கோவிலில் அவள் பாடியபோது சபையே கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. நான் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றேனாம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

தேவசகாயம் மாமாவே பேச்சை எடுத்தார். பெண்ணின் அப்பா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். தங்க வயல்காரன் என்றால் ஒன்று குடிகாரன், இல்லாவிட்டால் தங்கத் திருடன் என்பது அவருடைய தீர்மானம். பையனை நேரில் பார்க்காமல் பேச்சில்லை என்று சொல்லி அனுப்பினார். அவர் மகன் சாமுவேலுக்கு சைக்கிள் பைத்தியம். மே மாதம் பையன் வரட்டும், இருவரும் சைக்கிளில் கடற்கரையைச் சுற்றிவிட்டுப் பரங்கிமலை ஏறி வரட்டும், ஒரு நாள் கூட இருந்தால் ஆள் எப்படி என்று தெரிந்துபோகும் என்று சாமுவேல் யோசனை சொன்னானாம்.

என்னிடமும் சைக்கிள் இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சுரங்கத் துரை விட்டுவிட்டுப் போனது. அதில் டயர், டியூப், பிரேக் மூன்றையும் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது.

திட்டம் போட ஆரம்பித்தேன். சுரங்கத்தில் இருக்கிறவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: கீழே போகப் போகச் சூடு, மேலே வர வரக் குளிர்ச்சி. எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது. மதராஸ் கடலோரம் கிடக்கிறது, அதாவது சுரங்கத்தின் கடைசி லெவல். ஆகவே அந்த நாளை ஷிப்ட் ஷிப்டாகப் பிரித்தேன். சூரியன் வருவதற்குள் கடற்கரை. அது முதல் ஷிப்ட். வெயில் ஏறுவதற்குள் பரங்கிமலை உச்சி. அது இரண்டாம் ஷிப்ட். உச்சியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே மலைக்காட்சி பார்ப்பது, சாமுவேலிடம் என் குணாதிசயங்களைக் காட்டுவது மூன்றாம் ஷிப்ட். தலைப்பாகையை எப்போது நனைப்பது, எப்போது பிழிவது என்பதுகூட முடிவாகிவிட்டது.

சோதனைக் கொட்டகைக் காவல்காரர் முனுசாமி மட்டும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

"அதெல்லாம் சரி சார். மெட்ராஸ் வெயிலுக்குக் காத்து அடிச்ச டயர் நிக்குமா? பட்டாசு மாரி வெடிச்சிடும்னு சொல்றாங்கோ."

"யார் சொன்னது?"

"மெட்ராஸ் போய் வந்தவங்கதான். வேற யாரு சொல்லுவாங்க?"

நான் இரண்டு நாள் யோசித்தேன். (யோசித்தேன் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.) டியூபிலோ ஏற்கெனவே வேலமுள் குத்தாத இடமில்லை. காற்று வேண்டாம், வேறு ஏதாவது திணிக்கலாம் என்று தோன்றியது. கந்தல் துணி திணித்துப் பார்த்தேன். கட்டை வண்டியில் போவதுபோல முதுகெலும்பு குலுங்கியது. வைக்கோல் திணித்தேன். தொழிலாளர் லைன் வீட்டு மாடு ஒன்று தெருவெல்லாம் பின்னாலேயே வந்தது.

அப்புறம்தான் சைனைட் மேடு கண்ணில் பட்டது. தாதுக்கல்லை மாவாக இடித்து, தங்கத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி எங்கள் ஊரில் உண்டான வெள்ளை மலை அது. மாவுபோல நைசான மணல். ஈரமாக அடைத்தால் கெட்டியாக நிற்கும், வெடிக்காது, முள் குத்தினால் முள்ளுக்குத்தான் நஷ்டம். முக்கியமாக, ஈரமணல் டயரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு வாளி மணல் அள்ளிவந்து, டியூபை எறிந்துவிட்டு, டயரில் இடித்து இடித்து அடைத்து, ரிம்மோடு சேர்த்துக் கம்பியால் கட்டினேன். ஒத்திகைக்கு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விட்டேன், ராஜாபோல வந்தது. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நான்தான் தள்ளவேண்டியிருந்தது. பரங்கிமலை ஏறுவதற்கு முன்னால் கால் பலமாகட்டும் என்று அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டேன்.

பயணத்தன்று காலையில் தேவசகாயம் மாமாவோடு ஊரிகம் ஸ்டேஷனுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அவரும் மதராஸ் வருகிறார், என்னை அங்கே அறிமுகப்படுத்துவதற்கு. வழிநெடுக டயரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனேன். சீமையில் இப்போதெல்லாம் காற்றடைத்த டயர்தான், மெத்தைமேல் போவதுபோல இருக்கும் என்று அளந்தேன். மணல் விஷயத்தைச் சொல்லவில்லை. நாகரிகமாக இருக்காது என்று பட்டது.

சாமான் ஏற்றும் பிரேக் வேனில் சைக்கிளை ஏற்றப் போன போர்ட்டர் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"இன்னா சாமி இது, சைக்கிளா, கல்லு இடிக்கிற ஸ்டாம்ப் மில்லா? இன்னொரு ஆள் வாங்கப்பா."

அந்த நேரம் பார்த்து முனுசாமி வந்தார். அன்று அவருக்கு ஸ்டேஷனில் டியூட்டி. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். தெருவிலிருந்து வாசல் வழியாக பிளாட்பாரம் வரை, கோலம் போடுகிறவள் இழுத்த இழைபோல ஒரு வெள்ளைக் கோடு. அது என் பின் சக்கரத்தில் வந்து முடிந்திருந்தது.

"டைம்கீப்பர் சார், டயர்ல இன்னா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாமா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"காற்று" என்றேன்.

முனுசாமி பிரம்பால் டயரை ஒரு அமுக்கு அமுக்கினார். கம்பி விலகி, கால் படி மணல் அவர் செருப்பின்மேல் கொட்டியது.

"காத்து கொட்டுது சார்" என்றார் வருத்தமாக.

தங்க வயலிலிருந்து ரயில் ஏறுகிறவன் டயர் நிறையச் சுரங்கத்து மணலை ஒளித்துவைத்து, கேட்டால் காற்று என்று பொய்யும் சொன்னால் என்ன அர்த்தம் என்பது அந்தப் பிளாட்பாரத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும். கூட்டம் கூடிவிட்டது. வேலை போவதைப்பற்றிக்கூட நினைக்கவில்லை. தங்கத் திருடன் என்று அந்தத் தலைமை ஆசிரியர் போட்ட கணக்கு சரியாகப் போகிறதே என்பதுதான் கவலை.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றேன்.

அவர் அதற்குள் வண்டிக்குள் ஏறியிருந்தார். "நான் முன்னாடி போறேன் தம்பி. நீங்க எல்லாம் முடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. வண்டி புறப்பட்டது. என் கதை எனக்கு முன்னால் மதராஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

டயரில் இருந்த மணலை முனுசாமி இரண்டு பையில் கொட்டி முடிச்சுப் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பரிசோதனைச் சாலைக்குப் போனார். மணலை உருக்கித் தங்கம் இருக்கிறதா என்று பார்க்கும் துரை அங்கே இருந்தார். அன்று பகல் முழுவதும் உலைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முனுசாமி டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஏன் சார், இங்க எங்கியாவது ஆத்து மணல் கெடைக்கலியா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் துரை வெளியே வந்தார். மணலில் தங்கம் இருக்கிறதாம். எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் அந்த மேட்டில் எந்தப் பிடி மணலை எடுத்தாலும் அந்த அளவு இருக்குமாம், பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாதாம். எதற்காக இதைச் செய்தாய் என்று கேட்டார். கடற்கரை, மலைக்காட்சி, மூன்று ஷிப்ட், டயரின் குளிர்ச்சி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் உலைக்காரன் உள்ளிருந்து எட்டிப் பார்த்தான். மணலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் போ என்றார்.

நான் நகரவில்லை. "எழுதிக் கொடுங்கள் ஐயா" என்றேன். நான் திருடனில்லை என்று துரை கையெழுத்தில் ஒரு சீட்டு இல்லாமல் மதராஸில் என்னால் தலை காட்ட முடியாது. எழுதிக் கொடுத்து முத்திரையும் குத்தினார்.

மறுநாள் வண்டியில், மொட்டை ரிம்மோடு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இனி யாரும் கேட்கப்போவதில்லை, திரும்பிவிடு என்று ஊரே சொன்னது. எனக்குத் திட்டம் திட்டம்தான்.

சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோது தேவசகாயம் மாமா எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார். தலைமை ஆசிரியர் உட்காரச் சொல்லவில்லை. சீட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழாக்கியே படித்தார்.

"இவரிடம் தங்கம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை என்று இதனால் சான்றளிக்கிறேன்." மடித்து வைத்தார். "தம்பி, பெண் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். இல்லை என்று முத்திரை குத்தி வாங்கிவந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்."

"அய்யா, மணல் எடுத்தது நிஜம். காற்று என்று சொன்னதும் பொய்தான். ஆனால் திருட்டு இல்லை" என்றேன்.

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து கிருபாமணியின் குரல் வந்தது. "அப்பா, தங்கம் திருடத் தெரிஞ்சவர், தங்கத்தை எடுத்துட்டுக் கொட்டின மண்ணையா திருடுவார்?"

தலைமை ஆசிரியர் சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் விடியற்காலையில் பரங்கிமலைக்குப் போகாமல் விடவில்லை. ரிம்மில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, சாமுவேல் காற்றடைத்த டயரில் முன்னால் மிதந்து போக, நான் பின்னால் கடகடத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் கயிறு அறுந்தது, மோர் புளித்தது, சூரியன் என் ஷிப்ட் எதையும் மதிக்கவில்லை. உச்சியில் நின்று சாமுவேல் கையை விரித்துக் காட்டி, "எப்படி எங்கள் மலை?" என்று கேட்டான். எங்கள் சைனைட் மேடு இதைவிடக் கொஞ்சம்தான் சின்னது என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பிரமாதம் என்றேன். அடுத்த தையில் கல்யாணம் நடந்தது.

போன வருஷம் எங்கள் மகளைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தங்க வயல்லயே இருக்கீங்க, பொண்ணுக்கு எத்தனை பவுன் போடுவீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கிருபாமணி அலமாரியைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இவர்கிட்ட தங்கம் இல்லேன்னு தொரையே எழுதிக் குடுத்திருக்கார். படிச்சிட்டுக் குடுங்க, இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு."