ரன்வே பாய் போட்ட கோடு

கள்ளக்குறிச்சியிலேயே ஒழுங்காகத் தரையிறங்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தெரு ரன்வே பாய்தான். விமானத்தில் ஏறியதே இல்லை என்பது வேறு விஷயம். சைக்கிளிலிருந்துகூட அவர் இறங்குவதில்லை, விழுவார்.

கோரைப்பாய்க் கடை வைத்திருந்தார். தம்பி காதர் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் ரன்வேக்குக் கோடு போடும் பெயிண்டர். லீவில் வந்தால் டீக்கடை மேஜையில் சர்க்கரையைக் கொட்டி அண்ணனுக்கு வரைந்து காட்டுவான். அவன் திரும்பிப் போன மறுநாள் அண்ணன் கடைவாசலில் சுண்ணாம்போடு உட்கார்ந்துவிடுவார். வரிசையாக வெள்ளைப் பட்டைகள்: ரன்வே இங்கே ஆரம்பம். நடுவே விட்டு விட்டு ஒரு கோடு. பக்கத்தில் பெரிதாக 27.

“இன்னா பாய், தள்ளுபடியா?” என்றேன்.

“உள்ள வர்றவன் மேக்கால பாத்து வர்றான். மேக்குன்னா எரநூத்தி எழுவது டிகிரி. கடைசி சைபர தூக்கிட்டா இருவத்தேழு. நம்பரப் பாத்துத்தான் பைலட்டு தெசய தெரிஞ்சிக்குவான்.”

“பாய் வாங்க வர்றவனுக்கு எதுக்குத் தெச?”

“நடுக்கோட்ட வுட்டு வெலகி நிக்கிறீங்க சார். மொதல்ல அதப் பாருங்க.”

ஓரமாக வந்த ஒரு பெரியவரைத் தெருமுனைவரை அனுப்பி, நேராக இறங்கி வரச் சொன்னார். பெரியவர் எதிர்க்கடையில் போய் இறங்கினார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. மரங்களை வெட்டிச் சாலைகளில் போட்டார்கள். பஸ் நின்றது. அந்த வாரம்தான் காதர் அங்கே வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தான். உடல் மெட்ராஸ்வரை வந்துவிட்டது, அதற்குமேல் வழியில்லை. மறுநாள் மதியத் தொழுகை முடிந்ததும் அங்கேயே அடக்கம் என்று மெட்ராஸில் இருந்த பாயின் மச்சான் போனில் சொன்னார்.

பாய் அழவில்லை. விடிந்ததும் சைக்கிளில் சுண்ணாம்பு மூட்டையை ஏற்றினார்.

“உளுந்தூர்பேட்டைல வெள்ளக்காரன் சண்டக் காலத்துல போட்ட ரன்வே ஒண்ணு சும்மா கெடக்குது சார். கோடு இல்லாம ப்ளேன் எப்படி எறங்கும்?”

புத்தி கலங்கிவிட்டதென்று பயந்து நானும் கூடவே மிதித்தேன்.

வழியில் வெட்டிப்போட்ட புளியமரத்தடியில் போராட்டக்காரர்கள் மறித்தார்கள்.

“மூட்டைல இன்னாய்யா?”

“சுண்ணாம்பு. ப்ளேன் எறங்கறதுக்கு.”

சிரித்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. மூட்டையோடு சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். “பாத்துப் போங்க பாய்” என்றான் ஒருவன், கண்ணைப் பார்க்காமல்.

ரன்வே வெடித்துக் கிடந்தது. பிளவெல்லாம் புல், ஆடுகள் மேய்ந்தன. பாய் சுண்ணாம்பைக் கரைத்துப் பட்டைகளைத் தீட்டத் தொடங்கினார். உச்சி வெயில் ஏறியது.

“பாய், இங்க எந்த ப்ளேனும் வராது” என்றேன் மெதுவாக.

“தெரியாதா எனக்கு?” குனிந்தபடியே சொன்னார். “இந்நேரம் அங்க மண்ணு தள்ளிக்கினு இருப்பாங்க. ஒரு பிடி போட எனக்குக் குடுத்து வெக்கல. வூட்ல குந்திக்கினு இருக்க முடியல சார். அவன் செஞ்ச வேல. அதையாவது செய்யறேன்.”

கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

“நடுக்கோடு. ஆட்டாம புடிங்க.”

முனையைத் தரையோடு அழுத்திப் பிடித்தேன். என் வாழ்நாளில் எதையும் நான் அவ்வளவு நேராகப் பிடித்ததில்லை.