என் மகன் பயந்து பிறக்கவில்லை

போர்ட் சயீத்

அன்புள்ள அக்கா நபவிய்யாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தானின் முட்டிவலி, உன் வாத்துகள், மாடிக்குக் குடிவந்தவர்கள் எல்லாம் நலம்தானே? நலமாகவே இருக்கட்டும். இனி உன் தம்பி கேட்பதற்குப் பதில் சொல்.

நேற்று ஊருக்குத் திரும்புகிற வழியில் எங்கள் மீன் சந்தை முழுக்க என்ன சொல்லிவிட்டுப் போனாய்? பிறந்து ஐந்தே நாளான என் மகனின் நெஞ்சு நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் அடிக்கிறதென்றால், வயிற்றில் இருக்கும்போது நான் போட்ட கூச்சலில் அவன் பயந்ததுதான் காரணமாம்! நான் மீன் ஏலம் விடுகிறவன். கிசுகிசுத்தா மடவை மீனை விற்க முடியும்? டாக்டர் ஸமீஹா படித்துப் படித்துச் சொன்னார்: "உங்க மனைவி இன்ஸாஃபுக்குத் தைராய்டு ஜாஸ்தியா வேலை செய்யுது. அதைத் தூண்டி விடுற பொருள் அவ ரத்தத்துலேர்ந்து குழந்தைக்கும் போயிருக்கு. அதான் இந்த ஓட்டம். மருந்து குடுக்கிறோம். கொஞ்ச வாரத்துல அது தானா கரைஞ்சிடும்." நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். ஆட்டிவிட்டு மறுநாளே, பயம் தெளிய வைக்குமென்று நீ நம்புகிற பித்தளைக் கிண்ணத்தை, ராத்திரி முழுக்கப் பனியில் வைத்த தண்ணீரோடு கறுப்புப் போர்வைக்குள் ஒளித்து, கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் பிள்ளைக்குப் புகட்டப் போனாய்! நர்ஸ் கையைப் பிடிக்க, தண்ணி கொட்ட, மெஷின் கூவ, "ஐயோ, தடுக்கிறாளே!"ன்னு நீ அலற, நான் ஒரே ஒரு வார்த்தை, மெதுவாத்தான், "அக்கா!"ன்னேன். காவலாளி வந்து யாரைப் பிடிச்சான்? உன்னையா? என்னை! என்னை வெளியே தள்ளிட்டான். நீ உள்ளே உக்காந்து டீ குடிச்சே. "இவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தொண்டை பெரிசு, சிஸ்டர்"னு வேற சொன்னியாமே! இது எந்த ஊர் நியாயம்?

ஆகவே இனி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டாதே. ஏழாம் நாள் விழாவுக்கும் உனக்கு அழைப்பில்லை.

உனக்கும் அத்தானுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளையும், உனக்கு மட்டும் கொஞ்சம் அடக்கத்தையும் தரட்டும்.

தீராத கோபத்துடன்,
தம்பி ரிஃபாத்

பி.கு.: கத்தினேன், அக்கா. சந்தையில் இல்லை, வீட்டில். பிள்ளை வயிற்றில் ஏழாம் மாதம், ஃபிரிட்ஜ் கதவை மூடவில்லை என்று. இன்ஸாஃப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "அதனால இல்லப்பா" என்றார். மறுபடியும் கேட்டேன். இல்லையென்றார். மனசு கேட்கமாட்டேன் என்கிறது. காலையில் இருநூற்றுப் பத்து, இப்போது நூற்றெண்பது. குறைகிறதாம். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு ஒண்டியாக நிற்க என்னால் முடியவில்லை. இந்தக் கடிதம் கொண்டுவருகிற வேனிலேயே ஏறி வா.