நூற்றைம்பத்தொன்றாம் பக்கம்

மலேசியாவில் புலாவ் செபாங் ஊர் முழுக்க ஒரே பேச்சு. ‘பணமே, வா!’ என்ற புத்தகம் கையில் இருந்தால் ஏழே மாதத்தில் வீடு, கார், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் வாசலில் வரிசை கட்டி நிற்குமாம். விலை நூற்று அறுபது வெள்ளி. எழுதியவர் டாக்டர் கணேஸ்வரன். எந்த நோய்க்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை.

வாங்கியவர்கள் அதை மஞ்சள் துணியில் சுற்றி, சாமி மேடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம், குங்குமம், சூடம். அந்தப் புகையில் லட்சுமிக்கே மூச்சு முட்டியிருக்கும். பணம் வந்தபாடில்லை. குறை நம் பக்தியில்தான் என்று தங்களையே நொந்துகொண்டார்கள்.

தம்புசாமியும் அப்படித்தான் நொந்துகொண்டார். ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்த இ.பி.எப். சேமிப்பை, குருபோங்கில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணமாக ஒதுக்கியிருந்தார். டாக்டர் ‘தங்க வகுப்பு’ அறிவித்தார். கட்டணம் முப்பதாயிரம் வெள்ளி. வீடு மறந்துபோயிற்று.

மனைவி விஜயராணிக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. சாமி மேடையிலிருந்து புத்தகத்தை எடுத்துப்போய், தான் வேலை பார்க்கும் கிளினிக் கவுண்டரில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், துணியை அவிழ்த்துப் படித்தாள். ஊரில் வேறு யாருக்கும் தோன்றாத காரியம்.

ஞாயிற்றுக்கிழமை, தங்க வகுப்புக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்தில் மண்டபம் நிரம்பி வழிந்தது. டாக்டர் கையால் ஆசி வாங்க எல்லோரும் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். முதலில் காந்தன் என்ற இளைஞன் மைக்கைப் பிடித்தான்.

“போன வருஷம் லோரி ஓட்டுனேன். இன்னிக்கு ரெண்டு வீடு! எல்லாம் நூத்தி அம்பத்தொன்னாம் பக்கத்து ரகசியம்!”

கைதட்டல் கூரையைத் தொட்டது. தம்புசாமி முப்பதாயிரத்துக்கு எழுதிய செக்கை வெளியே எடுத்தார். விஜயராணி எழுந்தாள்.

“தம்பி, அந்தப் பக்கத்துல என்னா இருக்கு?”

“அத வாயால சொல்லக் கூடாதுக்கா. படிக்கணும்.”

“சரிலா, படிச்சிருவோம். எல்லாரும் பிரிங்க.”

முன்வரிசை அங்கமுத்துவின் புத்தகம் சந்தனத்தில் ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் கீறிப் பிரித்து, உரக்கப் படித்தார்.

“‘அன்பு வாசகரே, வணக்கம். இது என் முன்னுரை...’ என்னாமா இது? முதப் பக்கமா?”

“நூத்தி அம்பத்தொன்னுதாண்ணே. மொத்தமே அம்பது பக்கந்தான் எழுதியிருக்காரு. அதையே நாலு வாட்டி அடிச்சி அட்டை போட்டுட்டாரு.”

டாக்டர் அசரவில்லை.

“அது டெக்னிக்மா! நாலு தடவை படிச்சாத்தான் ஆழ்மனசுல இறங்கும்.”

நான்கைந்து தலைகள் ஆடின. அவற்றுக்கு ஆடித்தான் பழக்கம்.

“அப்ப உன்னைய பணக்காரனாக்குனது முன்னுரைதானா தம்பி?” என்றாள் விஜயராணி.

காந்தன் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தான். அங்கே புத்தகம் வாங்கியவர்கள் வழியை மறித்து நின்றார்கள்.

“நான் புஸ்தகத்தப் பாத்ததே இல்லக்கா. அவரு பேசச் சொன்னாரு, பேசுனேன். நாளுக்கு இருநூறு வெள்ளி. இன்னும் லோரிதான் ஓட்டுறேன்.”

மண்டபம் கொதித்தது. டாக்டர் தண்ணீர் கேட்டார், யாரும் கொடுக்கவில்லை. தம்புசாமி செக்கை நாலாய்க் கிழித்தார். விஜயராணிக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

அங்கமுத்துவுக்கு ஆறவில்லை. “ஆறு மாசமா விழுந்து விழுந்து கும்பிட்டோமேமா!”

“அதாண்ணே தப்பு. கும்பிட்ட கையப் பிரிச்சாத்தானே புஸ்தகத்தப் பிரிக்க முடியும்?”