எச்.பி. சாரும் இரண்டு எலுமிச்சம்பழமும்

உலகத்தில் கார்களைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எண்பதுகளில் திண்டிவனத்தில், எங்கள் தெருக்கோடியில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருந்தார். அதற்குப் பிரேக் கிடையாது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் எச்.பி. சார். ஹார்ஸ் பவர் பற்றிப் பேசாமல் அவருக்கு ஒரு டீ உள்ளே இறங்காது. தெருவில் யாராவது புதிதாக மிக்ஸி வாங்கினால் முதலில் சாரிடம் காட்டுவார்கள். அவர் திருப்பிப் பார்த்து, எத்தனை எச்.பி. என்று படித்து, உதட்டைப் பிதுக்குவார். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் சட்னி அரைப்பார்கள்.

மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குப் போய்ப் பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளைக் கிலோ கணக்கில் வாங்கி வருவார். அதில் பாதி பிரெஞ்சில் இருக்கும். சாருக்கு பிரெஞ்சு தெரியாது. நம்பருக்கு ஏது பாஷை என்பார். எந்தக் காருக்கு எத்தனை சிலிண்டர், எத்தனை சி.சி., எத்தனை குதிரை, எவ்வளவு எடை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இதில் அரைக் குதிரையைக்கூட யாருக்காகவும் கூட்டிச் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். கால் குதிரைத் தகராறில் சொந்த மைத்துனருடன் பேச்சு வார்த்தையை நிறுத்தியவர்.

இன்ஸ்டிட்யூட்டிலும் இதே கூத்துதான். ஏ எஸ் டி எஃப் முடித்தவர்களுக்கு அடுத்த பாடமே கார்புரேட்டர்தான். பயிற்சிக்கென்று அவர் கொடுக்கும் பத்தி எல்லாம் ஏதாவது ஒரு காரின் இன்ஜின் விவரமாக இருக்கும். லோயர் பரீட்சையில் பருத்தி சாகுபடி பற்றி ஒரு பத்தி வந்தது. பழக்க தோஷத்தில் நான் உட்பட மூன்று பேர் பருத்திச் செடிக்கு கார்புரேட்டர் வைத்துவிட்டோம். தேறியவர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் வேறு இன்ஸ்டிட்யூட்.

எங்கள் பக்கத்தில் எச்.பி. என்றால் ஜனங்களுக்குக் கிணற்று மோட்டார்தான். ஒருநாள் சார் அப்பாவின் மண்டியில் உட்கார்ந்து, அப்பாவின் கார் நூற்றைம்பது எச்.பி. என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மூட்டை போட வந்திருந்த கிளியனூர் விவசாயி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, “நூத்தம்பதா? அத்தப் போட்டா கெணத்துல தவளைகூட மிஞ்சாதே” என்றார். சார் அவருக்கு அரைமணி நேரம் விளக்கினார். விவசாயி பொறுமையாகக் கேட்டுவிட்டு, எத்தனை இஞ்சு பைப்பு என்று விசாரித்தார்.

அப்பாவின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரி துரை ஒருவரிடமிருந்து கைமாறி வந்த பழைய அமெரிக்கக் கார். பெயரைப் போட்டால் எச்.பி. சார் சந்தோஷப்படுவார், இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் படமாட்டார், ஆகையால் வேண்டாம். எட்டு சிலிண்டர். உள்ளே கல்யாண சோபா மாதிரி சீட்டு. தெருவில் அதைத் திருப்ப முடியாது; திருப்ப வேண்டுமென்றால் ரயில்வே கேட் வரை போய்விட்டு வர வேண்டும். பெட்ரோலை அது குடித்த வேகத்தைப் பார்த்து அம்மா வாரம் ஒருமுறை கண் கலங்குவாள்.

தினமும் சாயங்காலம் சார் வருவார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, கைகட்டி நின்று இன்ஜின் ஓடுவதைக் கேட்பார். ஆனால் தானாக ஒருநாளும் உள்ளே ஏறி உட்கார்ந்ததில்லை. அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டும், “ஆவட்டும் சார், அப்புறம் பாத்துக்கலாம்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பக்தி என்று தெரு நினைத்தது. கர்ப்பக்கிரகத்துக்குள் பக்தன் போவதில்லை, அதுபோல என்று அப்பாவே நாலு பேரிடம் விளக்கம் சொன்னார்.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்த லோயர் பரீட்சை விழுப்புரத்தில் நடந்தது. அப்பா எங்களைக் காரில் அனுப்பி, சாரையும் வலுக்கட்டாயமாக முன்சீட்டில் ஏற்றிவிட்டார். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் சார் கையைத் தூக்கினார். வண்டி நின்றது. இன்ஜின் சத்தத்தை வெளியிலிருந்து கேட்கணும் என்று சொல்லிவிட்டு ஒரு பனைமரத்துக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லையே என்று நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

“சின்ன வயசிலேர்ந்தே இப்பிடித்தாம்மா. காருன்னா ஒத்துக்காது. யார்கிட்டயும் சொல்லிடாத” என்றார்.

நான் சொல்லவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரு லாரியின் மேல் ஏறி, காற்றாட நின்றுகொண்டே அவர் விழுப்புரம் வந்து சேர்ந்தார்.

இப்போது என் கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை விழுப்புரம். மாமனாருக்கு எண்ணெய் மில். கல்யாணத்தை முன்னிட்டு, அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்த ஒரு நீளமான உள்நாட்டுக் காரை வாங்கியிருந்தார். இதற்கும் பெயர் வேண்டாம். முகூர்த்தம் எங்கள் ஊர் சத்திரத்தில் நல்லபடியாக முடிந்தது. வாசலில் இரண்டு கார்களும் பூ அலங்காரத்துடன் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அதில்தான் வந்தது வினை.

சாப்பாட்டுப் பந்தியில் மாமனார், பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் புதுக் காரில் வருவார்கள் என்றார். அப்பா, என் பெண் என் காரில்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள், அது நூற்றைம்பது குதிரை என்றார். எதிர் இலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் ரசத்தைப் பிசைந்தபடி நிதானமாகக் கேட்டார்.

“நூத்தம்பது குதிரை சரிங்க. இப்ப அதுல எத்தினி குதிரை உசுரோட கீது?”

அப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார். பெண்ணைப் பெற்றவர் எழுந்தால் சம்பந்தி எழ வேண்டும், மாமனாரும் எழுந்தார். பாயசம் இன்னும் பரிமாறவில்லை. அதன் பிறகு பேச்சு தடித்தது. உங்கள் குதிரைகளைப் பூட்டி நீங்களே பெண்ணைக் கொண்டுவந்து விடுங்கள், நாங்கள் கிளம்புகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் செருப்பு தேட ஆரம்பித்தார்கள். ராகு காலம் பிறப்பதற்குள் கிளம்பியாக வேண்டும். நான் மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்திருந்தேன். தாலி ஏறி மூன்று மணி நேரம் ஆகவில்லை, இரண்டு இன்ஜின்களுக்கு நடுவில் என் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. சாரின் பாஷையில் சொன்னால் அவர் டீசல் வண்டி, சூடேற நேரமாகும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அப்பா, எச்.பி. சாரைக் கூப்பிடுங்கள் என்றார். அவர் பொய் சொல்ல மாட்டார், அவர் சொல்லட்டும் எது உசத்தி என்று. அப்பாவுக்கு அத்தனை நம்பிக்கை. இரண்டு வீட்டுக்கும் உறவில்லாத ஆள் என்பதால் மாமனாரும் ஒத்துக்கொண்டார்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த சார், சொம்பும் கையுமாக வந்தார். இரண்டு பானெட்டையும் திறக்கச் சொன்னார். மொத்தக் கல்யாணக் கூட்டமும் சுற்றி நின்றது, நானும் மாலையோடு வாசற்படிக்கு வந்துவிட்டேன். பழைய வண்டி எட்டு சிலிண்டர், நூற்றைம்பது குதிரை. புது வண்டி நாலு சிலிண்டர், எண்பது சொச்சம் என்றார். அப்பா மீசையைத் தடவினார். ஆனால் பழைய வண்டி எடை ரொம்ப ஜாஸ்தி, ஒவ்வொரு குதிரையும் கூடுதல் பாரம் இழுக்கிறது என்றார். மாமனார் மீசையைத் தடவினார். சார் உற்சாகமாகிவிட்டார். கியர், மைலேஜ், பிரேக் என்று ஒவ்வொரு நம்பராக எடுத்து வைக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கைதட்டியது, மறு பக்கம் வேட்டியை மடித்துக் கட்டியது. தாய்மாமன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு நம்பர் சொன்னால் போதும், நான் பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுவேன் என்ற நிலைமை.

சார் தற்செயலாக என் பக்கம் பார்த்தார். கண்மை கன்னத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் வாய் அப்படியே நின்றது. பன்னீர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

“பேப்பர்ல இருக்கறத வெச்சிகினு தீர்ப்பு சொல்றது தப்புங்க. உக்காந்து பாத்துதான் சொல்லணும். பொண்ணு மாப்ள விக்கிரவாண்டி வரைக்கும் இதுல வரட்டும், அங்கேர்ந்து அதுல போவட்டும். ரெண்டுலயும் நான் முன்சீட்டுல உக்காந்துகினு வர்றேன். ஊரு போய்ச் சேர்ந்ததும் எதுன்னு சொல்றேன்.”

கூட்டம் ஆஹா என்றது. நான் மட்டும், “சார், வேணாம் சார்” என்றேன். “நீ சும்மா இரும்மா” என்று அதட்டிவிட்டு, தாம்பூலத் தட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிளம்பினோம். அப்பாவும் மாமனாரும் பின்னால் புதுக் காரில் முறைத்துக்கொண்டே வந்தார்கள். முன்சீட்டில் சார் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தார். பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது, அது வியர்த்துக்கொண்டிருந்தது. கூட்டேரிப்பட்டில் கை தூக்கினார். அதே பனைமரம். பின்வண்டியிலிருந்து மாமனார் தலையை நீட்டி என்னவென்று கேட்க, சஸ்பென்ஷனைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று மரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. விக்கிரவாண்டியில் வண்டி மாறினோம். இரண்டாவது எலுமிச்சம்பழம் வெளியே வந்தது. முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் மறுபடி கை தூக்கினார். இந்த முறை கரும்புத் தோட்டம். எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார் மனிதர் என்று மாமனார் அசந்துபோனாராம்.

விழுப்புரத்தில் ஆரத்தித் தட்டோடு வாசலில் காத்திருந்தார்கள். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. அப்பாவும் மாமனாரும் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள். சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வாழையிலை நிறத்தில் இருந்தது.

“ரெண்டும் ஒண்ணுதாங்க. சத்தியமா சொல்றேன், எனக்கு ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு” என்றார்.

கால் குதிரைக்காக மைத்துனரைத் தள்ளி வைத்தவர் சொல்கிறார். யார் மறுக்க முடியும்? அப்பா பழைய காரே புதுசுக்குச் சமம் என்று பூரித்துப் போனார். மாமனார் உள்நாட்டுக் காரே அமெரிக்காவுக்குச் சமம் என்று பூரித்துப் போனார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, திண்டிவனத்தில் விட்டுப்போன பாயசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

சாரை மட்டும் தனியாகப் பிடித்து, “உண்மையிலயே எது சார் நல்ல வண்டி?” என்று கேட்டேன்.

“கண்ணத் தொறந்திருந்தாதானேம்மா தெரியும்” என்றார். திரும்பிப் போகக் கார் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கல்யாணச் சட்டையோடு ஸ்டேஷனுக்கு நடந்து போய் பாசஞ்சர் ரயில் ஏறினார். அவர் தெருமுனை திரும்பும் வரை நான் வாசலிலேயே நின்றேன். அம்மாவைப் பிரிந்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

சார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. மேலிருந்து கார் அனுப்பியிருந்தால் நிச்சயம் ஏறியிருக்க மாட்டார், நடந்தேதான் போயிருப்பார். எங்கள் வீட்டில் எத்தனையோ கார்கள் மாறிவிட்டன. எந்தக் கார் வந்தாலும் முன்பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிடுவேன், வாடினால் மாற்றிவிடுவேன். திருஷ்டிக்கு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எச்.பி. சாருக்கு.