பெட்டிசம் அக்காவும் என் நெஞ்சுப் பாரமும்

மன்னார்க் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பெட்டிசம் அக்காவுக்குப் பயப்படாமல் ஒரு சீவனும் சம்பளம் எடுத்ததில்லை. பெரியவர் முதல் வாசல் காவல்காரன் வரை, அவரைக் கண்டால் கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் போய்விடுவார்கள். அக்காவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்க வெட்கப்பட்டே காலம் போய்விட்டது.

கச்சேரிக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழே அவருடைய மேசை, ஒரு கதிரை, காபன் தாள், தாள் பறக்காமல் வைக்க நாலு கல். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த காலம் அது. தகரத்துக்கு, காணிக்கு, செத்தவரின் அத்தாட்சிப் பத்திரத்துக்கு, காணாமல் போன பிள்ளைக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அக்கா பெட்டிசம், அதாவது மனு, எழுதிக் கொடுப்பார். கடைசிச் சண்டையில் காணாமல் போன தன் மகனைத் தேடித்தான் முதலில் எழுதத் தொடங்கியவர். எழுதி எழுதிக் கை திருந்தியது. பதில் மட்டும் வரவில்லை.

எழுதும்போது ஒவ்வொரு வசனத்தையும் தொண்டை கிழியச் சொல்லித்தான் எழுதுவார். பஸ் நிலையம் வரை கேட்கும். ஏனக்கா இப்படி என்று கேட்டால், "நாலு பேர் காதிலை விழாத கடிதம் கந்தோர் மேசை லாச்சிக்குள்ளையே செத்துப்போம். இப்ப பார், உன்ரை விசயத்துக்கு இந்த மரத்தடி முழுக்கச் சாட்சி" என்பார்.

ஒருநாள் ஒரு கழுதை வந்து, ஒரு கிழவர் காணிக்காக எழுதுவித்த மூன்று பக்கத்தையும் மென்றுவிட்டது. கிழவர் அழுதார். அக்கா கழுதையின் முதுகில் தட்டி, "தின்னு ராசா. உள்ளுக்கை இருக்கிறவை நாலு மாசமாய்த் தின்னுறதை நீ நாலு நிமிசத்திலை தின்னுறாய், கெட்டிக்காரன்" என்றார். கிழவருக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தார். பிறகு கழுதையின் சார்பிலும் நகரசபைக்கு ஒரு பெட்டிசம் போட்டார். இதுவும் இடம்பெயர்ந்து திரும்பி வந்த சீவன், புல் இல்லாமல் கடுதாசி தின்கிறது, உலர் உணவு நிவாரணம் கொடுக்கவும் என்று.

வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளுகிற பிறவி நான். இப்படிப்பட்ட மனிசியிடம் நான் போக வேண்டி வந்தது, அதுவும் என் மார்புக்காக.

எனக்குக் குமர் வயதிலிருந்தே நெஞ்சு பெரிது. வயது போகப் போக அதன் பாரம் தாங்க முடியவில்லை. உள்சட்டைப் பட்டி வெட்டி இரண்டு தோளிலும் பள்ளம். மடிப்புக்குள்ளே வேர்த்துப் புண். குப்புறவும் படுக்க ஏலாது, நிமிர்ந்தும் படுக்க ஏலாது. இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி, தோட்டவெளியில் தகரக் கொட்டில் போட்டிருந்தோம். மனுசன் முந்தியே செல் குண்டு பட்டு இடுப்புக்குக் கீழே ஏலாதவர். கண்ணிவெடி எடுக்கிற பிள்ளைகளின் முகாமில் நான் சமைத்துத்தான் சீவியம் போனது. ஒருநாள் கை இரண்டும் விறைத்து, நாற்பது பேரின் சோற்றுப்பானை நிலத்தில் விழுந்தது. முகாம் பொறுப்பாளர் நல்ல மனிசன். "அம்மா, இன்னொருக்கா இப்பிடி நடந்தால் நான் வேறை ஆளைத்தான் பாக்கவேணும்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பாரம் இழுத்துக் கழுத்து நரம்பு நசிகிறது, சத்திரசிகிச்சை செய்து மார்பைக் குறைக்காவிட்டால் கை சரிவராது என்று டாக்டர் அம்மா சொன்னார். இலவசமாய்ச் செய்கிற பெரிய ஆஸ்பத்திரியில் காயக்காரர் வரிசை இருந்தது. எரிந்த முகங்கள், உடம்புக்குள் குண்டுத் துண்டு கிடக்கிற பிள்ளைகள். அவர்களை விலக்கிவிட்டு என்னைக் கூப்பிடச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. முகாமில் வேலை செய்கிற எல்லாருக்கும் காப்புறுதி இருந்தது. காப்புறுதிக் கம்பனி சம்மதித்தால் தனியார் ஆஸ்பத்திரியில் செய்யலாம். அதற்கு ஒரு கடிதம் வேண்டும்.

மூன்று நாள் மரத்தடிக்குப் போய் மூன்று நாளும் திரும்பி வந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் பிள்ளையைத் தேடுகிற தாய்மார். படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று என் நெஞ்சைப் பற்றி எப்படிச் சொல்வது?

நாலாம் நாள் அக்காவே கூப்பிட்டார். "எடி பிள்ளை, இஞ்ச வா. உனக்கு ஆரைக் காணேல்லை?"

"ஒருத்தரையும் தேடேல்லை அக்கா" என்று காதுக்குள் விசயத்தைச் சொன்னேன். "எனக்கு இது பெரிய காரியமில்லை, நான் போறன்" என்றும் சொன்னேன்.

என் கையைப் பிடித்தார். "இரடி. செத்தவைக்கும் காணாமல் போனவைக்கும் எழுதி எழுதி எனக்கும் கை விறைச்சுப் போச்சு. உயிரோடை முன்னுக்கு இருக்கிற ஒருத்திக்கு எழுத விடு."

தாளை எடுத்தார். தொண்டையைச் செருமினார். நான் கண்ணை மூடினேன்.

"யுத்தத்தினால் பாதிக்கப்பட்டு, சொத்து சுகம் இழந்து, மீள்குடியேறியிருக்கும் விண்ணப்பதாரியாகிய எனது மார்புகள் இரண்டும்…"

வீதியில் சைக்கிள்கள் நின்றன. நான் சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினேன். பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த எருக்கலம்பிட்டி நானா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அக்கா, சேதம் எண்டு எழுதினா படமும் வைக்கச் சொல்லுவாங்க" என்று உதவிக்கு வந்தார்.

"உன்ரை கடைக்கு எடு படம்! தேத்தண்ணியைப் பார்!"

கடிதம் போனது. மூன்று கிழமையில் பதிலும் வந்தது. யுத்தத்தால் ஏற்பட்ட எந்தப் பாதிப்புக்கும் இந்தக் காப்புறுதி பொருந்தாது என்று எழுதியிருந்தார்கள்.

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். "தகரத்துக்கும் யுத்தம் எண்டு எழுதினால்தான் தருவினம். ஆட்டுக்குட்டிக்கும் யுத்தம் எண்டு எழுதினால்தான் தருவினம். இவங்கள் மட்டும் யுத்தம் எண்டால் தரமாட்டாங்களாம்! அப்ப நாங்கள் வேறை எதைத்தான் எழுதுறது?"

அது பகிடியில்லை. உண்மையிலே அவருக்கு எழுத வரவில்லை. தாள் எடுப்பார், "யுத்தத்தினால்" என்று தொடங்குவார், கிழிப்பார். "இடம்பெயர்ந்து" என்று தொடங்குவார், அதையும் கிழிப்பார். கடைசியில் பேனையை வைத்துவிட்டு, "உனக்கு என்ன செய்யுது எண்டு நீயே சொல்லு பிள்ளை. சண்டையை விட்டுப்போட்டுச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். தோள் பள்ளம், புண், விறைப்பு, பானை எல்லாம். என் மனுசனுக்குக்கூட நான் அவ்வளவு சொன்னதில்லை. அக்கா ஒரு சொல்லும் விடாமல் எழுதினார், வழமைபோலக் கத்திக்கொண்டுதான்.

இந்த முறை வந்த பதிலில், அழகுக்காகச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு இடமில்லை என்று இருந்தது.

"அழகுக்கோ?" அக்கா எழும்பியே விட்டார். "இருபது வருசம் அகதியாய்க் கிடந்து பல்லும் விழுந்து வந்திருக்கிறவள் இனி அழகுராணிப் போட்டிக்குப் போகப்போறாளாம்! கேட்டியோ நானா?"

நானா கேட்காதவர்போலக் கோப்பை கழுவினார்.

அடுத்த மாதம் காப்புறுதி உத்தியோகத்தர் ஒருவர் முகாமில் ஒரு கூட்டத்துக்கு வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், மினுக்கின சப்பாத்து. கூட்டம் முடிந்ததும் அக்கா அவரை என் குசினிக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா எப்படி முகாமுக்குள் வந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"நீங்கள் ஆர்?" என்று தம்பி கேட்டார்.

"பெட்டிசம். உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டனான். இப்ப இதைக் கழுத்திலை போடுங்கோ தம்பி."

இரண்டு அரிசிப் பை. ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ. சேர்த்துக் கட்டியிருந்த பட்டி, ஒடுக்கமான பட்டி. அந்தப் பிள்ளை மறுக்கத் தெரியாமல் போட்டுக்கொண்டது. அக்கா அகப்பையைக் கையில் கொடுத்தார். "கிண்டுங்கோ. சோறு அடிப்பிடிக்கப்போகுது. இனி அந்த விறகைக் குனிஞ்சு எடுங்கோ. பை நெருப்பிலை படாமல், கவனம்! இனித் தண்ணி வாளி."

கால் மணித்தியாலத்தில் தம்பியின் சட்டை நனைந்துவிட்டது, தோளைத் தோளைத் தடவினார். "அக்கா, கழட்டட்டோ?"

"நீங்கள் கழட்டலாம்" என்றார் அக்கா. "இவள் எங்கை கழட்டுறது?"

நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். வெட்கத்தில் செத்தேன், ஆனால் அதற்குள்ளே சிரிப்பும் வந்தது. தம்பி சிரிக்கவில்லை. பைகளை மெதுவாக மேசையில் வைத்தார். "நரம்பு நசிகிறதாலை செய்யிற சிகிச்சை எண்டு விசேட வைத்தியரிட்டை எழுதுவிச்சு அனுப்புங்கோ அம்மா. என்ரை பேருக்கே அனுப்புங்கோ" என்றார்.

அப்படியே அனுப்பினோம். மழை தொடங்கிய மாதத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. மரத்தடிக்குக் கொண்டு ஓடினேன். அக்கா அதை வீதி முழுக்கக் கேட்க வாசித்தார். வாசித்து முடிய, வரிசையில் நின்ற ஒரு தாய், மகனின் படத்தைக் கையில் வைத்தபடி கேட்டார்: "அப்ப பதிலும் வருமோ அக்கா?"

அக்கா ஒரு கல்லை எடுத்து மேசையில் இன்னொரு இடத்தில் வைத்தார். பிறகு, "இரு. உன்ரையை இன்னொருக்கா எழுதுவம்" என்று புதிய தாள் எடுத்தார்.

கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள், பார்வையாளர் நேரத்தில் பெட்டிசம் அக்கா கட்டிலடியில் வந்து நின்றார். இரவு பஸ்ஸில் வந்தவராம். விடிய ஐந்து மணியிலிருந்து பின்னேரம் வரை கேற்றடியில் நின்றவராம், உள்ளே விடவில்லையாம். கேற்றில் என்ன சண்டை நடந்ததோ, எத்தனை பேருக்குப் பெட்டிசம் போகப்போகிறதோ.

"என்ன சொன்னனீங்கள் அக்கா?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டுமோ?"

என் கை இரண்டும் இன்னும் தூக்க ஏலாது. மூன்று நாளாய்த் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. அக்கா பைக்குள்ளே தேடிச் சீப்பை எடுத்தார். நேர்ஸ்மார் நின்ற பக்கத்தை ஒருக்கால் பார்த்துக்கொண்டார்.

"நான் கத்தினால் உன்னிலையெல்லோ கோவிப்பாளவை, பிள்ளை. உன்ரை காயத்துக்கு மருந்து கட்டுறது அவளவை" என்று காதுக்குள் சொல்லிவிட்டு, என் தலைமயிரைச் சீப்பால் மெல்ல இழுத்துவிடத் தொடங்கினார்.