குரல் ஒரு ஊர், பஸ் ஒரு ஊர்

இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறுகிறவன் எவனும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. குனிந்த தலை நிமிராமல் போனை நோண்டுகிறான். ஊர் வந்ததை மிஷின் சொல்ல வேண்டும். கிணறு வந்தாச்சு, இறங்கு என்று மிஷின் சொன்னால் அதிலும் இறங்குவான்.

"குமணன்சாவடி" என்றது ஸ்பீக்கர்.

ஹாஜா மொய்தீன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பஸ் அப்போதுதான் வானகரத்தில் நின்றது. அதைவிடக் கொடுமை, சொன்ன குரல் அவருடையது.

இருபத்தெட்டு வருஷம் லோக்கல் கேபிள் டிவியில் அறிவிப்பாளர். நடுநடுவே சினிமா, சீரியல். பஞ்சாயத்துக் கூட்டத்தில் தலையாட்டுகிற பெரியவர், கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலி, இப்படி. போன வருஷம் ஒரு கம்பெனிக்காரன் அவரைக் கண்ணாடி ரூமில் உட்கார வைத்து நூற்றுப்பத்து ஊர்ப் பேர்களைச் சொல்ல வைத்தான். அதுதான் இப்போது பஸ்ஸுக்கு முன்னால் ஓடுகிறது.

இன்றைக்கு நசரத்பேட்டையில் ஷூட்டிங். வாழ்க்கையிலேயே முதல்தடவை ஜட்ஜ் வேஷம், ஒரு பக்க வசனம். "ஒன்பதைத் தாண்டுச்சுன்னா வேற ஆளு" என்று மேனேஜர் ரவிச்சந்திரன் கறாராகச் சொல்லியிருந்தார்.

பக்கத்து சீட்டு கன்னியம்மாள் கூடையைத் தூக்கினாள்.

"எறங்காதம்மா, உன் ஸ்டாப்பு இன்னும் வரல."

"அதான் சொல்லுதே பாய்."

"சொல்றதே நான்தாம்மா!"

"நீ வாயே தொறக்காம இங்க குந்திகினு கீறே. காலங்காத்தால இன்னா விளையாட்டு?"

சும்மா இருந்திருக்கலாம். எழுந்து, தொண்டையைச் செருமி, டிவி குரலில் முழங்கினார்: "பயணிகள் கவனத்திற்கு! இது வானகரம்!"

மேலேயிருந்து அதே குரல் மறுபடி "குமணன்சாவடி" என்றது. பாதிப் பேர் எழுந்தார்கள். எழுந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள்.

கண்டக்டர் நடேசன் ஓடி வந்தார். "யோவ் பெருசு, மிமிக்ரி பண்ற எடமா இது?"

"மிஷினை நிறுத்துப்பா. தப்பா சொல்லுது."

"மிஷின் தப்பா சொல்லாது."

"மிஷினுக்குள்ள கீறது நானு. நானே தப்புங்கறேன்!"

"அப்ப தப்பு உம்மேலதான்."

நடேசன் கடுப்பில் பெட்டியை ரெண்டு தட்டு தட்டினார். அது இன்னும் சில ஊர்களைத் தாண்டிக் குதித்தது. பஸ் வேலப்பன்சாவடியில் நின்றதும் "நசரத்பேட்டை" என்று வாயாரச் சொன்னது.

திமுதிமுவென்று பத்துப் பேர் இறங்கினார்கள். ஹாஜா மொய்தீனும் பின்னாலேயே குதித்து, "ஏறுங்க! இது நசரத்பேட்டை இல்ல!" என்று ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்து இழுத்தார். நாலு பேர் ஏறினார்கள். மற்ற ஆறு பேரும் அவரைப் பிக்பாக்கெட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பையை இறுக்கிக்கொண்டார்கள்.

அதற்குள் பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

பூந்தமல்லி வரைக்கும் ஒரு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து இன்னொன்று. ஸ்டுடியோ வாசலை மிதிக்கும்போது மணி ஒன்பதே முக்கால். உதவி டைரக்டர் அகல்யா கையில் பேப்பர் கட்டோடு நின்றிருந்தாள்.

"மன்னிச்சிரும்மா" என்றார். ஊரையே அதட்டிய குரல் கம்மிப் போயிருந்தது. "வேற ஆளைப் போட்டிருப்பீங்க. நான் கிளம்பறேன்."

"போடத்தான் சார் இருந்தோம். நீங்க லேட் பண்ணிட்டா என்ன பண்றதுன்னு ஏகாம்பரம்னு ஒருத்தரையும் காலையிலேயே வரச் சொல்லியிருந்தோம். தாம்பரத்துக்காரரு, இந்தப் பக்கம் புதுசு. ஒரு மணி நேரமா போன் மேல போன். நசரத்பேட்டையில எறங்கிட்டாராம், ஸ்டுடியோவைத்தான் காணோமாம். எறங்கினப்ப எவனோ ஒரு கெழவன் கையைப் புடிச்சு இழுத்து மறுபடி பஸ்ல ஏத்தப் பாத்தானாம். நல்லவேளை, ஏமாறலையாம்!"

ஹாஜா மொய்தீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சீக்கிரம் போங்க சார், ரெண்டாவது கதவு, மேக்கப் ரூம்."

நடந்தார். கதவில் கொட்டை எழுத்தில் எழுதியே இருந்தது. அப்படியும் ரெண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தார்.