முகிலன் துயிலைத் துண்டாடிய படலம்

வாழ்க முகிலன்! அஜ்மானின் அனல்மணலில் எழுந்துகொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் டைம் கீப்பர். வருவோர் போவோர் நேரத்தையெல்லாம் குறித்து வைத்தும் தனக்கென ஒரு நேரம் வாய்க்காதவன். பகலில் வெயிலோடும் மாலையில் பாடத்தோடும் இரவில் அரைத்தூக்கத்தோடும் மும்முனைப் போர் புரியும் துறையூர்த் தோன்றல். கொட்டாவியை உதடு பிரியாமல் விழுங்கும் கலையில் வளைகுடா நாடுகளிலேயே தனக்கு நிகரில்லாதவன். அவன் புகழைப் பாடப் புகுந்த இவ்வேளையில், நித்திரா தேவியே, நீ சற்றுத் தள்ளியே நில். உன்னை அருகே அழைத்தால் பாடுகிறவனும் படுத்துவிடுவான்.

போர் மூண்ட காரணம் இது. வெயில் தின்னும் வேலையிலிருந்து ஏசி அறையின் மேசைக்கு ஏறிவிட வேண்டும் என்னும் பேரவாவால் உந்தப்பட்ட நம் நாயகன், ஷார்ஜாவில் கட்டடச் செலவைக் கணக்கிடும் குவாண்டிட்டி சர்வே படிப்பில் மாலை வகுப்பு மாணவனாகச் சேர்ந்திருந்தான். அங்கே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரைவாழ்நாளை இந்நாட்டில் கழித்த ஆசான் நாகலிங்கம், கான்கிரீட்டின் கன அளவை விளக்கும் தறுவாயில், முகிலனின் நெற்றி மேசையைத் தொட்ட ஓசை மும்முறை எழுந்தது. மூன்றாம் முறை ஆசான் சாக்பீஸைக் கீழே வைத்தார், வகுப்பு நடுங்கியது.

“தம்பி, இன்னொருக்கா நீர் என்ர வகுப்பில நித்திரை கொண்டீரெண்டால், பரீட்சைக்கு உம்மட பேரைக் குடுக்கமாட்டன். விளங்கிச்சோ?”

விளங்கிற்று. பரீட்சை போனால் ஓராண்டு போகும். ஓராண்டு போனால் இன்னொரு கோடையும் மண்டையில் இறங்கும். அஞ்சிய நாயகன் இணையப் பெருங்கடலில் மூழ்கி முத்தெடுத்தான். தூக்கத்தை ஒரே கட்டியாக உண்பது சோம்பேறிகளின் வழக்கம் என்றும், அதனைத் துண்டு துண்டாக அறுத்து, இரவில் சிறிது, பகலில் இருபது நிமிடக் கூறுகளாகச் சிறிது என அருந்துபவன் குறைந்த நேரத்தில் நிறைந்த தெளிவு பெறுவான் என்றும், யாரென்று தெரியாத ஒருவர் அங்கே அருளியிருந்தார். படை வகுக்கும் தளபதியைப் போல் முகிலன் நாற்படை வகுத்தான்: இரவில் பெரும்படை, விடியலில் டியூட்டி பஸ்ஸில் முன்னணிப்படை, நண்பகலில் நடுப்படை, மாலையில் வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் பின்னணிப்படை. நால்வண்ணப் பேனாவால் அதை அட்டவணையாக்கிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினான். இது சரிப்படுமா என்று ஐயுற்றுக் கிழித்தான். கிழித்தது சரியா என்று ஐயுற்று மறுபடி எழுதினான்.

முன்னணிப்படை முதல் நாளே மடிந்தது. டியூட்டி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் மொபைல் வீடியோக்கள் அதை வெட்டிச் சாய்த்தன. பின்னணிப்படையோ இருக்கை கிடைக்காத பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றே உயிர் நீத்தது. ஆகவே, மேலும் ஒரு வகுப்பு நெருங்கிய அந்த நாளில், நாயகனின் நம்பிக்கையெல்லாம் நடுப்படையின் தோள்மீது வந்தமர்ந்தது.

கோடை மாதங்களில் நண்பகல் வெயிலில் யாரும் வேலை செய்யலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த இடைவேளையில் சைட்டின் ஓரத்தில் குளிர்காற்று ஓடும் தகரக் கூடம் ஒரு பள்ளியறையாகும். டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால் அது மஞ்சம். ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதன்மேல் துண்டை மடித்தால் அது தலையணை. சாப்பிட்டு முடித்த தொழிலாளர் படை, ஷூக்களை வாசலில் கழற்றி எறிந்துவிட்டு, ஒருவர் காலடியில் ஒருவர் தலை வைத்து, கூடம் நிறையச் சாய்ந்தது. கம்பி கட்டும் வித்தகர், சிவகங்கைச் சீமையின் செல்வர், குறட்டையில் கான்கிரீட் மிக்சரையே தலைகுனிய வைக்கும் அழகுமலை அண்ணன் நடுநாயகமாகப் படுத்திருந்தார். அவர் பக்கத்தில் தன் அட்டையை விரித்த முகிலன், மொபைலை எடுத்து அலாரத்தை நோக்கினான்.

அந்தோ, அங்கேதான் விதி சிரித்தது! முந்தைய நாள்களில் வைத்த வீணையொலி அவனைத் தாலாட்டியதே தவிர எழுப்பவில்லை. இருபது நிமிடம் தாண்டினால் ஆழ்துயிலில் விழுந்து, எழுந்தும் எழாத மரக்கட்டையாவாய் என்று இணையத்து முனிவர் எச்சரித்திருந்தார். எனவே, மொபைலில் உள்ளவற்றுள் மிகக் கொடியதான, வானைக் கிழித்து ஊளையிடும் சைரன் ஓசையை அவன் தேர்ந்தான். ஒலியளவை உச்சிக்கு ஏற்றினான். செவிக்கருகே வைத்துக் கண் மூடினான்.

இருபது நிமிடங்கள் கழிந்தன. சைரன் எழுந்தது.

தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று மாதந்தோறும் பயிற்சி பெற்ற வீரர் படை அது. சைரன் கேட்டதும் சிந்திக்காதே, ஓடு என்பது அவர்கள் எலும்பில் எழுதப்பட்ட ஆணை. மதகு உடைந்த வெள்ளம்போல், கூடு கலைந்த குளவிபோல் அவர்கள் எழுந்தார்கள். இவன் ஷூவை அவன் மாட்டினான். அவன் ஹெல்மெட்டை இவன் கவிழ்த்தான். இரு வலக்கால் ஷூக்களோடு ஒருவன் நொண்டினான். தலையணைத் துண்டே கவசமாக ஒருவன் பறந்தான். ஆபத்தில் எல்லோரும் கூட வேண்டிய, பச்சைப் பலகை நட்ட அசெம்பிளி பாயிண்டில், சட்டம் தடுத்த அதே வெயிலில், படை முழுதும் அணிவகுத்துத் தகித்தது.

“பாய், ஆக் கிதர்?” என்று, தீ எங்கே எனத் தெரியாமல், கொத்தனார் ஷம்சாத் நாற்றிசையும் நோக்கி முழங்கினான். தீயுமில்லை, புகையுமில்லை. விதிப்படி இனித் தலை எண்ண வேண்டும். எண்ண வேண்டியவன் யார்? டைம் கீப்பர். அவனைத்தான் காணோம்.

“ஐயோ, அந்தப் பய உள்ள மாட்டிக்கிட்டான்யா!” என்று அழகுமலை அலறினார். அதன்பின் அங்கே நிகழ்ந்ததைச் சொல்ல நாவொன்று போதாது. தண்ணீர்க் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அழகுமலை முன்னே பாய, தீயணைப்பு உருளையைக் குழந்தைபோல் ஏந்திய ஷம்சாத் பின்னே பாய, இருபெரும் வீரரும் எரியாத கூடத்துக்குள் உயிரைத் துச்சமென எண்ணிப் புகுந்தனர். புகுந்தவர் கண்டது என்ன? ஊளையிடும் மொபைலைக் கன்னத்தோடு அணைத்தபடி, பாற்கடலில் பள்ளிகொண்டவன்போல், சிறு புன்னகையோடு நாயகன் உறங்கிக்கொண்டிருந்தான்.

குடத்தின் மிச்சம் அவன் முகத்தில் இறங்கிற்று.

“அண்ணே… இருபது நிமிஷம் ஆயிருச்சா?”

“அடப்பாவி! எங்கள எல்லாம் வெயில்ல வடகமாக் காயப் போட்டுட்டு, நீ இங்கன கெடந்து சிரிக்கிறியா?”

“பாகல் ஹை கியா?” என்றான் ஷம்சாத். இவனுக்குப் பித்தா என்று உருளையிடமே கேட்பதுபோல் இருந்தது.

வியர்வை வழியத் திரும்பிய படை வட்டமாக நின்று விசாரணை தொடங்கிற்று. நாகலிங்கத்தின் எச்சரிக்கையையும், நாற்படை வகுத்த கதையையும் நனைந்த முகத்தோடு முகிலன் விண்ணப்பித்தான்.

“தூக்கம் என்ன கம்பியா தம்பி, அளவுக்கு அறுத்து அறுத்துக் கட்டுறதுக்கு?”

“நெட்ல போட்டிருக்குண்ணே.”

“போட்டவன் அஜ்மான்ல டியூட்டி பாத்தானா?”

கூடம் அதிரச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தீர்ப்பு வந்தது. அலாரம் என்னும் ஆயுதம் பறிமுதல்; இடைவேளை முடிந்ததும் திருப்பித் தரப்படும். “பயப்படாத. இருபது நிமிஷத்துல நானே எழுப்பிவிடுறேன். அழகுமலை சொன்னா சொன்னதுதான்!” என்று அண்ணன் மார்தட்டிச் சூளுரைத்தார். அந்தச் சூளுரையின் எதிரொலி தகரச் சுவரில் மோதித் திரும்புமுன், அதை உரைத்த வாயிலிருந்தே குறட்டை கிளம்பிற்று. முகிலனும் சாய்ந்தான். இருபது கழிந்தது, இன்னொரு இருபதும் கழிந்தது, எழுப்புவார் எவருமிலர். இடைவேளை முடிந்து ஃபோர்மேன் “யல்லா, யல்லா!” என்று விரட்டிக் கதவைத் தட்டியபோது பதறி எழுந்த நாயகன், நடுப்படையும் வீழ்ந்ததே, மரக்கட்டையாகிவிட்டேனே, பரீட்சை போயிற்றே என்று நெஞ்சுக்குள் ஒப்பாரி வைத்தான்.

மாலை வந்தது. தூக்குமேடைக்கு நடப்பவன்போல் வகுப்பறைக்குள் நுழைந்து முன்வரிசையில் அமர்ந்தான். ஏசியின் தண்மை தோளைத் தடவியது. நாகலிங்கத்தின் குரல் தூண்களின் கன அளவைத் தொட்டுத் தாலாட்டாக நீண்டது. பின்வரிசையில் ஒவ்வொன்றாகத் தலைகள் சரிந்தன. கொட்டாவி என்னும் கொற்றவன் தன் படையோடு வந்து முகிலனின் தாடையைத் தட்டினான், திறக்கவில்லை. இமைகளை இழுத்தான், அசையவில்லை. வெட்கிய கொற்றவன் அடுத்த மேசைக்குப் போய்விட்டான். தூண், உத்திரம், தளம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கப்பட, ஒவ்வொன்றுக்கும் கை உயர்த்தினான் நம் வீரன். விடைகளில் பாதி தவறு என்றாலும், உயர்ந்த கை தாழவே இல்லை.

ஆசான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, இண்டைக்கு முழிச்சுக்கொண்டு இருக்கிறீர்? உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?”

“நல்லா இருக்கேன் சார். மத்தியானம் கொஞ்சம்… அதிகமாத் தூங்கிட்டேன்.”

“அப்ப ஒவ்வொரு நாளும் அப்பிடி அதிகமா நித்திரை கொள்ளும். சரி, உம்மட பேரைக் குடுக்கிறன்.”

ஒலித்தன காணாத சங்குகள்! அதிர்ந்தன கேளாத முரசுகள்! ஷார்ஜாவின் விளக்குகளெல்லாம் வெற்றித் தீபங்களாகச் சுடர, சாலையின் ஹாரன்களெல்லாம் கட்டியம் கூற, துயிலைத் துண்டாடப் புகுந்து துயிலால் முழுதாக வெல்லப்பட்டு அத்தோல்வியாலேயே வாகை சூடிய அண்ணல், பரீட்சை எழுதும் பேருரிமையை மார்பில் தாங்கி, படியிறங்கி, பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றான்.

இனிமேல்தான் படிக்க ஆரம்பிக்க வேண்டும்.